10 கிலோமீட்டரில் இரண்டு எல்லைகள்

புதுச்சேரி நகரத்திலிருந்து வடக்கே காலாப்பட்டுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 10 கிலோமீட்டர். முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். சின்னமுதலியார்சாவடி, பெரியமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டு ஊர்களாகவே வரும். பிள்ளைச்சாவடி வந்ததும் மறுபடி புதுச்சேரி. அதையடுத்துக் காலாப்பட்டு. நாடாளுமன்றச் சட்டத்தால் 1985இல் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், தனியார் மருத்துவக் கல்லூரி, அவற்றின் விடுதிகள் எல்லாம் அந்தச் சாலையோரத்திலேயே.

இந்தச் சாலையில் மது வாங்குவதற்கான வயது இரண்டு முறை மாறுகிறது. நகரத்தில் 18. கோட்டக்குப்பத்தில் 21. காலாப்பட்டில் மீண்டும் 18. முதலாண்டு மாணவர் ஒருவர் நகரத்துக் கடையில் சட்டப்படி ஒரு பாட்டில் பீர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு விடுதிக்குக் கிளம்பினால், நடுவே சில கிலோமீட்டர் தூரத்துக்கு அவர் வயது குறைந்தவர் ஆகிவிடுகிறார். பையில் இருப்பது வெளிமாநிலச் சரக்கு ஆகிவிடுகிறது. பிள்ளைச்சாவடி வந்ததும் இரண்டும் சரியாகிவிடும்.

புதுச்சேரி மாணவர்களின் குடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக இரண்டு காரணம் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரன் பழக்கிவிட்டுப் போனது என்பது ஒன்று. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே வரலாற்றுக்கு முன்னால் நிற்காது. இந்த ஊரில் குடி பிரெஞ்சுக்காரர்களுக்கு வெகு காலம் முந்தியது. மாணவர்கள் குடித்த கதையோ பல்கலைக்கழகம் என்ற அமைப்பு பிறந்த நாளிலிருந்தே உண்டு. புதுச்சேரிக்கென்று தனியாக இருப்பது ஒன்றுதான்: எல்லை. அந்த எல்லை எப்படி வந்தது, அது எப்படி மதுவின் எல்லையாக மாறியது என்பதைப் பார்த்தால்தான் இன்றைய மாணவரின் கையிலிருக்கும் பாட்டில் விளங்கும்.

1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் உடைந்த மண்சாடித் துண்டைக் கண்டார். மத்தியதரைக் கடல் நாடுகளில் ஒயினும் எண்ணெயும் நிரப்பி அனுப்பும் ஆம்போரா என்ற சாடியின் துண்டு அது. எங்கே கிடைத்தது என்று கேட்டார். புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு என்றார்கள். அடுத்த ஆண்டே அங்கே அகழாய்வு தொடங்கியது. பிறகு பிரெஞ்சு அறிஞர் கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் தோண்டினார்கள். கிடைத்த ஆம்போராத் துண்டுகளில் பெரும்பகுதி ஒயின் சாடிகளுடையது. கிரேக்கத்தின் கோஸ் தீவு வகைச் சாடிகளும் இத்தாலியச் சாடிகளும் அவற்றில் உண்டு.

யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் கொடுக்கப் பாண்டிய மன்னன் பருகியதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அரிக்கமேட்டு மண் அந்தப் பாட்டுக்குச் சாட்சி. பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்சுவா மார்த்தேன் 1674இல் இந்தக் கரையில் குடியேறியபோது, இங்கே ஒயின் இறங்கத் தொடங்கி 1,600 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் அந்த ஒயின் மன்னர்களுக்கும் செல்வர்களுக்கும். ஊர் குடித்தது கள்.

பனையும் தென்னையும் நிறைந்த நிலம் இது. பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டி, உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாமல் விட்டால் கள். வெல்லத்தோடு வெள்வேலம் பட்டையைப் போட்டு ஊறவைத்துக் காய்ச்சி வடித்தால் சாராயம். பட்டைச் சாராயம் என்ற பெயர் அந்த மரப்பட்டையால் வந்தது. ஐரோப்பியர்கள் இதைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டு விஷயம் புரிந்துகொண்டார்கள். ஒன்று, கப்பலில் வரும் பிராந்தியைவிட இது மலிவு. இரண்டு, இதை விற்கும் உரிமையை ஏலம் விட்டால் கஜானா நிரம்பும்.

சாராயக் குத்தகை இப்படித்தான் நிலைத்தது. பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் குத்தகைகள், ஏலங்கள், பாக்கிகள் ஆகியவற்றின் உலகம் விரிகிறது. கவர்னரின் விருந்துகளில் பிரெஞ்சு மன்னரின் பெயரால் குவளையைத் தூக்கும்போது கோட்டையில் பீரங்கி முழங்கியதையும் அவர் குறித்திருக்கிறார். ஒரே ஊரில் இரண்டு குடி உலகங்கள். வெள்ளை நகரத்தில் கப்பலில் வந்த ஒயின். கால்வாய்க்கு மேற்கே மொந்தையில் கள். இரண்டுக்கும் வரி வாங்கியது ஒரே நிர்வாகம்.

அந்தக் குத்தகை முறை இன்றும் சாகவில்லை. தமிழ்நாட்டில் சாராயமும் கள்ளும் தடை செய்யப்பட்டிருக்க, புதுச்சேரியில் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் கலால் துறையின் ஏலத்தில் போகின்றன. ஏலம் எடுத்தவர் கட்ட வேண்டிய தவணைக்குப் பெயர் கிஸ்தி. கிஸ்தி பாக்கி வைத்தவர் கடை மூடப்படும். சரக்கு வருவது அரசு நிறுவனமான வடிசாராய ஆலையிலிருந்து. அது முன்பு கடற்கரையை ஒட்டி இருந்தது. பிறகு வில்லியனூர்ப் பக்கம் ஆரியப்பாளையத்துக்கு மாறியது. எழுத்தாளர் பிரபஞ்சன், ஆனந்தரங்கரின் காலத்தை ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்களாக எழுதியவர், இந்த ஊரில் கள்ளுக்கடை நடத்தியவரின் மகன். இங்கே மதுக்கடை என்பது ஊருக்கு வெளியே மறைந்து நிற்கும் ஒன்றாக இருந்ததில்லை. பல குடும்பங்களின் தொழில் அது.

இனி எல்லைக்கு வரலாம்.

வரைபடத்தில் புதுச்சேரிப் பகுதியைப் பார்த்தால் கிழித்துப் போட்ட காகிதம் போலத் தெரியும். காரணம் எளிது. இந்த நிலம் ஒரே போரில் பிடிக்கப்பட்டதும் அல்ல, ஒரே ஒப்பந்தத்தில் வாங்கப்பட்டதும் அல்ல. வில்லியனூர், பாகூர்ப் பகுதி கிராமங்கள் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் காலத்தில், 1749-50 வாக்கில், ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபு தரப்பிலிருந்து வந்தவை. 1761இல் ஆங்கிலேயர் நகரத்தைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு திருப்பிக் கொடுத்தார்கள், மறுபடி பிடித்தார்கள், நெப்போலியன் வீழ்ந்த பிறகு கடைசியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். கிராமம் கிராமமாகச் சேர்ந்த நிலம் கிராமம் கிராமமாகவே திரும்பியது. இடையிடையே ஆங்கிலேயரின் தென்னார்க்காடு மாவட்டம். ஒரு வயல் பிரெஞ்சு, அடுத்த வயல் இங்கிலீஷ்.

இப்படிப்பட்ட எல்லையில் வரி வேறுபட்டால் கடத்தல் பிறக்கும் என்பது ஆங்கிலேயருக்குத் தெரியும். 1815ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் பிரெஞ்சு இந்தியாவின் உப்பு உரிமையை அவர்கள் ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார்கள். மலிவான பிரெஞ்சு உப்பு எல்லை தாண்டி வந்தால் ஆங்கிலக் கம்பெனியின் உப்பு வருமானம் போய்விடும் அல்லவா? ஒரே பொருளுக்குக் கோட்டின் இரு புறமும் இரண்டு விலை இருந்தால் என்ன நடக்கும் என்பதை 200 ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். உப்புக்குச் செய்த அந்த ஏற்பாடு, பின்னாளில் எல்லையின் பெரிய சரக்காக மாறிய மதுவுக்கு இன்றுவரை வரவில்லை.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்து மாணவர்களின் எண்ணிக்கை சிறிது. 1823இல் மருத்துவப் பள்ளி, 1838இல் சட்டப் பள்ளி, 1877இல் கல்வே சுப்புராயச் செட்டியாரின் கொடையால் கல்வே கல்லூரி. படித்து முடித்தவர்கள் நிர்வாகத்துக்கும் இந்தோசீனாவுக்கும் போனார்கள். படையில் சேர்ந்தவர்களை ஊர் சொல்தா என்றது. முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படைவீரரின் அன்றாட ரேஷனிலேயே ஒயின் உண்டு. ஓய்வூதியத்தோடு திரும்பிய சொல்தாக்களின் வீடுகளுக்குப் பிரெஞ்சு மேசைப் பழக்கங்களும் வந்தன. உணவோடு ஒரு குவளை என்ற அந்தப் பழக்கம் ஊரின் ஒரு சிறு பகுதியோடு நின்றது. அதைப் புதுச்சேரியின் குடிக்கு மூலம் என்று சொல்வது தவறு. ஒயின் ஒரு குவளையை மெதுவாக உணவோடு குடிக்கும் பழக்கத்துக்கும், வார இறுதியில் பேருந்து பிடித்து வந்து வெறும் வயிற்றில் அரை பாட்டில் பிராந்தியை இறக்கும் பழக்கத்துக்கும் உறவே இல்லை. இரண்டாவது பழக்கத்தின் வேர் பாரிசில் இல்லை, சேலத்தில் இருக்கிறது.

1937 அக்டோபர் 1. சென்னை மாகாணப் பிரதமர் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே பெரியார் தன் தோப்பின் தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார். ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்திருந்தது. சட்டம் அந்த உணர்வின் தொடர்ச்சி. வருமான இழப்பை ஈடுகட்ட ராஜாஜி 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது.

ஓமந்தூர் திண்டிவனத்துக்கு அருகில் இருக்கிறது. புதுச்சேரி அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. மாகாணம் முழுவதையும் உலர வைத்த முதல்வரின் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில், பிரெஞ்சுக் கொடியின் கீழ் ஒரு நகரம் நனைந்தே இருந்தது. எல்லையிலுள்ள கோரிமேட்டைத் தாண்டினால் மது குற்றம். கோரிமேட்டுக்கு உள்ளே அது வியாபாரம்.

1954 அக்டோபர் 18இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய விரும்பினார்கள். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டபூர்வமான இணைப்பு, 1963இல் யூனியன் பிரதேசத் தகுதி. கொடி மாறியது, நாணயம் மாறியது, சுங்கச் சாவடிகள் போயின. மதுக்கடைகள் மட்டும் இருந்த இடத்தில் இருந்தன. சுங்கச் சாவடி போனது மதுவுக்குப் பெரிய வசதியாயிற்று. முன்பு வெளிநாட்டு எல்லையைத் தாண்ட வேண்டியவர் இப்போது ஒரு டவுன் பஸ்ஸில் வந்து போகலாம்.

1954 முதல் 1971 வரை 17 ஆண்டுகள் தமிழ்நாடு உலர்ந்தும் புதுச்சேரி நனைந்தும் இருந்தன. பிறகு கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. 1973இல் கள்ளுக்கடைகளையும் 1974இல் சாராயக்கடைகளையும் மூடியது. 1974 முதல் 1981 வரை இன்னொரு ஏழு ஆண்டுகள். இந்த 24 ஆண்டுகள்தாம் ‘பாண்டி’ என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் ஒரு புதுப் பொருளைக் கொடுத்தன. சென்னையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் குடிப்பதற்கென்றே ஒரு ஊருக்குப் போவது என்ற வழக்கம் அப்போது பிறந்தது. போகிறவர் சீக்கிரம் குடிக்க வேண்டும், நிறையக் குடிக்க வேண்டும், இருட்டுவதற்குள் எல்லை தாண்ட வேண்டும். அந்த அவசரம் ஒரு குடிமுறையாகவே உறைந்துவிட்டது. இன்று வார இறுதியில் பைக்கில் வந்திறங்கும் கல்லூரி மாணவருக்கு அந்தத் தலைமுறையைத் தெரியாது. குடிக்கும் விதத்தை மட்டும் அவர்களிடமிருந்து பெற்றிருக்கிறார்.

அதே ஆண்டுகளில்தான் புதுச்சேரி கல்வி நகரமாகவும் வளர்ந்தது. பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் வழிவந்த தன்வந்திரி மருத்துவக் கல்லூரி 1964இல் ஜிப்மர் ஆனது. அது எழுந்த இடம் கோரிமேடு, எல்லைக்குப் பக்கத்திலேயே. 1961இல் தாகூர் கலைக் கல்லூரி. 1970இல் புதுச்சேரியின் கலால் சட்டம். 1985இல் பல்கலைக்கழகம். பல மாநிலங்களிலிருந்து வீட்டைவிட்டு முதன்முறையாக வெளியே வந்த இளைஞர்கள் விடுதிகளில் சேர்ந்தார்கள். மதுவின் வரலாறும் கல்வியின் வரலாறும் இந்த ஊரில் தனித்தனியே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே கால் நூற்றாண்டில், ஒரே எல்லையோரத்தில் வளர்ந்தவை.

பல்கலைக்கழகமும் மதுக்கடையும் அருகருகே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவில் பழைய சாட்சிகள் உண்டு. 1229இல் பாரிசில், நோன்புக்கு முந்திய திருவிழா நாளில், மாணவர் சிலருக்கும் மதுக்கடைக்காரருக்கும் பில் தொகையில் தகராறு. அடிபட்ட மாணவர்கள் மறுநாள் கூட்டத்தோடு வந்தார்கள். காவலர்கள் மாணவர்களைக் கொன்றார்கள். பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டு மூடிக் கிடந்தது. 1355இல் ஆக்ஸ்போர்டில் ஒயின் மட்டம் என்று சொல்லி மாணவர்கள் அதைக் கடைக்காரர் முகத்தில் எறிந்தார்கள். தொடர்ந்த கலவரத்தில் மாணவர் தரப்பில் 63 பேர் மாண்டதாகச் சொல்லப்படுகிறது. நகர மக்கள் ஆண்டுதோறும் 63 பென்னி தண்டம் கட்டும் வழக்கம் 1825 வரை நீடித்தது.

ஆனால் புதுச்சேரிக்கு மிக நெருக்கமான கதை அமெரிக்காவில் இருக்கிறது. 1970களில் அங்கே பல மாநிலங்கள் மது வாங்கும் வயதை 18 ஆகவோ 19 ஆகவோ குறைத்தன. பக்கத்து மாநிலங்கள் 21ஐ விடவில்லை. இளைஞர்கள் மாலையில் காரெடுத்து எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு இரவில் ஓட்டிக்கொண்டு திரும்பினார்கள். திரும்பும் வழியில் செத்தார்கள். அந்த எல்லைகளுக்கு இரத்த எல்லைகள் என்றே பெயர் வந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் இயக்கம் கட்டினார்கள். 1984 ஜூலையில் ரீகன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார்: 21 வயதை ஏற்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு. 1988க்குள் எல்லா மாநிலங்களும் 21க்கு வந்தன. 21 என்ற எண் சரியா என்று அங்கே இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் எல்லா மாநிலங்களிலும் எண் ஒன்றே.

புதுச்சேரியின் கோடு அதைவிட நெருக்கமானது. அமெரிக்க இளைஞர் காரில் நெடுந்தூரம் போனார். காலாப்பட்டு மாணவர் சில நிமிடங்களில் இரண்டு எல்லைகளைத் தாண்டுகிறார். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த மாஹேயில் கோடு இன்னும் கூர்மை: 9 சதுர கிலோமீட்டர் ஊரில் வயது 18, சுற்றியுள்ள கேரளத்தில் 23. ஆந்திரத்தில் 1995இல் என்.டி.ராமராவ் மதுவிலக்குக் கொண்டுவந்தபோது, நடுவிலிருந்த ஏனாம் மட்டும் நனைந்திருந்தது. காரைக்காலின் கதையும் இதுதான். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன நான்கு துண்டுகளும் நான்கு மதுத் தீவுகள்.

தமிழ்நாட்டில் 1981க்குப் பிறகு மதுக்கடைகள் திரும்ப வந்தன. 1983இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமே இன்றும் அங்கே மது விற்பனைக்கான சட்டமாக இருக்கிறது. இரு புறமும் மது கிடைக்கும் நிலையில் எல்லை தன் வேலையை இழந்திருக்க வேண்டும். இழக்கவில்லை. மது உண்டா இல்லையா என்று இருந்த வேறுபாடு, விலையும் ரகமும் வயதுமாக மாறியது. புதுச்சேரியில் வரி குறைவு, பிராண்டுகள் அதிகம். 2020 மே மாதம் கொரோனா ஊரடங்குக்குப் பின் கடைகள் திறந்தபோது, தமிழ்நாட்டுக் கூட்டம் வந்துவிடக்கூடாது என்பதற்காகப் புதுச்சேரி அரசே சிறப்பு வரி போட்டு இரு விலைகளையும் சமமாக்கியது. விலை சமமானால் எல்லை தாண்டும் கூட்டம் குறையும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது. அடுத்த ஆண்டே அந்த வரி எடுக்கப்பட்டது.

சாலையின் ஆபத்தை நீதிமன்றமும் கண்டது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15இல் தீர்ப்பளித்தது. மூல வழக்குகளில் ஒன்று தமிழ்நாட்டினுடையது. அதைத் தொடுத்தவர் வழக்கறிஞர் கே.பாலு. புதுச்சேரியிலும் மாஹேயிலும் அந்தத் தீர்ப்பு பெரிய அதிர்ச்சி, ஏனென்றால் இங்கே நெடுஞ்சாலையை விட்டு 500 மீட்டர் நகர்ந்தால் பல இடங்களில் மாநிலமே முடிந்துவிடும். 2017இல் சிறிய ஊர்களுக்கு 220 மீட்டர் என்றும், நகராட்சி எல்லைக்குள் விலக்கு என்றும் தளர்வுகள் வந்தன.

அண்மை ஆண்டுகளில் ரெஸ்டோ பார்கள் பெருகின. சாப்பாடு, மது, சத்தமான இசை, இரவு நேரம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அவற்றுக்கு வருகிறவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள். குடியிருப்போர் எதிர்த்தார்கள், கட்சிகள் போராடின. 2025 ஆகஸ்டில் அப்படிப்பட்ட ஒரு இடத்துக்குப் பிறந்தநாள் கொண்டாட வந்த மாணவர் குழுவில் ஒருவர் தகராறில் குத்திக் கொல்லப்பட்டார். வெளியூரில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. சில நாட்கள் செய்தியில் இருந்தது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்த மீனவர் குடும்பங்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிருக்குப் போராடியவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய இடங்களில் காலாப்பட்டு மருத்துவக் கல்லூரியும் ஜிப்மரும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். 60க்கும் மேற்பட்ட உயிர்கள். அப்போதும் ஜிப்மருக்கு நோயாளிகள் வந்தார்கள். மெத்தனால் உடலுக்குள் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்னும். நேரத்தில் மாற்று மருந்தும் டயாலிசிசும் கிடைக்காவிட்டால் உயிர் போகும். அந்த இரவுகளில் வார்டுகளில் நின்றவர்கள் பயிற்சி மருத்துவ மாணவர்கள். புதுச்சேரி மாணவர் என்றதும் பார் வாசலில் நிற்கும் பையனை மட்டும் நினைப்பவர்கள், படுக்கையோரம் விழித்திருந்த அந்த 22 வயதுக்காரர்களையும் நினைக்க வேண்டும். இருவரும் ஒரே ஊரின் மாணவர்கள். சில சமயம் ஒரே ஆள்.

எய்ம்ஸ் மருத்துவமனையினர் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 சதவீதம் பேர், சுமார் 16 கோடிப் பேர், மது அருந்துகிறார்கள். ஆண்களில் 27.3 சதவீதம், பெண்களில் 1.6 சதவீதம். மொத்தத்தில் 5.7 கோடிப் பேர் குடியால் கெட்டவர்கள் அல்லது அதை விட முடியாதவர்கள், சிகிச்சை தேவைப்படுகிறவர்கள். இளம் வயதில் குடிக்கத் தொடங்குகிறவர்களுக்கே பின்னாளில் அதற்கு அடிமையாகும் ஆபத்து அதிகம் என்பதை மருத்துவ உலகம் ஐயமின்றிச் சொல்கிறது. 18க்கும் 21க்கும் நடுவே உள்ள மூன்று ஆண்டுகள் ஒரு இளங்கலைப் படிப்பின் முழு நீளம். அந்த மூன்று ஆண்டும் சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை இப்போது ஒரு சாலை வளைவு தீர்மானிக்கிறது.

முழு மதுவிலக்கு இதற்கு விடையாகாது. 1948 முதல் 1971 வரை ஒரு பக்கம் மட்டும் மதுவை நிறுத்தியபோது நடந்தது, மறுபக்கத்தை மதுச் சந்தையாக்கியதுதான். தடுப்புச் சாவடியில் பையைத் துழாவிப் பாட்டிலைப் பிடிப்பதும் விடையாகவில்லை. கோரிமேட்டிலும் முள்ளோடையிலும் மதகடிப்பட்டிலும் கனகசெட்டிக்குளத்திலும் எத்தனையோ ஆண்டுகளாகப் பாட்டில் பிடித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். பாட்டில் எல்லை தாண்டுவதால் நட்டம் அரசின் வரிக்கு. குடித்துவிட்டு ஓட்டுகிறவர் எல்லை தாண்டினால் நட்டம் ஒரு வீட்டுக்கு. சோதனை பையிலிருந்து மூச்சுக்கு மாற வேண்டும். விடுதியில் குடித்து அகப்பட்ட மாணவரை வெளியேற்றிவிட்டுக் கைகழுவும் வழக்கம் மாறி, அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப்போகும் வழக்கம் வர வேண்டும். நாட்டின் முன்னணி மருத்துவ நிறுவனங்களில் ஒன்று இந்த ஊரிலேயே இருக்கிறது.

1815இல் இரண்டு அந்நிய அரசுகள் உட்கார்ந்து உப்புக்கு ஒரு முடிவு கட்டின. அவர்களுக்குக் கவலை வருமானம் மட்டுமே. சென்னையிலும் புதுச்சேரியிலும் இருப்பது ஒரே மொழி பேசும் மக்கள் தேர்ந்தெடுத்த அரசுகள். இரு அரசுகளும் உட்கார்ந்து மதுவுக்கு ஒரே வயதை எழுதட்டும். அது 21 ஆகவே இருக்கட்டும். அது நடக்கும் வரை, வார இறுதி இரவுகளில் நகரத்திலிருந்து கோட்டக்குப்பம் வழியாகக் காலாப்பட்டு விடுதி வாசல் வரை அரை மணிக்கு ஒரு பேருந்து, விடியும் வரை ஓடட்டும்.